தங்கத்தை அடகு வைத்தது யார்? குவைத் 1990 பற்றி ஒரு வாக்குவாதம்

வள்ளியாற்றுக்காரன்:
மேற்காசியாவில் ஒரு குண்டு விழுந்தால் போதும், நம் குமரி மாவட்டத்தில் சிலர் ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. 22 அன்று அமெரிக்கா ஃபோர்டோ உள்ளிட்ட மூன்று அணு நிலையங்களில் குண்டு போட்டது. மறுநாள் கத்தாரில் உள்ள அமெரிக்காவின் அல் உதைத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியது. அப்புறம் என்ன ஆனது? கச்சா எண்ணெய் 80 டாலரைத் தொட்டுவிட்டு, சண்டை நின்றதும் 70க்குக் கீழே இறங்கிவிட்டது. தக்கலையில் பெட்ரோல் விலை ஏறவில்லை. 1990இலும் இதுதான் நடந்தது. சதாம் உசேன் குவைத்தைப் பிடித்ததால்தான் நாடு திவாலானது என்று நம் ஊர் வளைகுடாக்காரர்கள் இன்றும் சொல்லித் திரிகிறார்கள். நாட்டின் தங்கத்தை அடகு வைத்தது நரசிம்ம ராவ் அரசு, 1991 ஜூலையில். குவைத் போர் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. முடிந்துபோன போருக்கு ஜூலையில் எதற்கு அடகு?

பழைய குவைத்காரன்:
தம்பி, தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. முதலில் தங்கம் போனது மே மாதம். 1991 மே. பிரதமர் சந்திரசேகர். 20 டன். ஸ்டேட் வங்கி வழியாக சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போனது. நரசிம்ம ராவ் பதவி ஏற்றதே ஜூன் 21 அன்றுதான். பதவிக்கு வராத மனிதர் எப்படி அடகு வைப்பார்?

போர் பிப்ரவரியில் முடிந்ததாம். உமக்கு முடிந்தது. 1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை விடியற்காலையில் நான் குவைத்தில் ஃபர்வானியாவில் ஒரு அறையில் ஆறு பேரோடு படுத்திருந்தேன். அன்று தொடங்கியது எனக்கு இன்னும் முடியவில்லை.

வள்ளியாற்றுக்காரன்:
உங்கள் கதையை மதிக்கிறேன் அண்ணாச்சி. ஆனால் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கம் 47 டன் வெளியே போனது ஜூலையில். நரசிம்ம ராவ் பிரதமர், மன்மோகன் சிங் நிதியமைச்சர். 47 பெரிதா, 20 பெரிதா?

பழைய குவைத்காரன்:
முதலில் போனது எது? அதைச் சொல்லும். மே.

ஓய்வு பெற்ற பொருளியல் ஆசிரியர்:
இரண்டு பேர் சொல்வதும் நடந்ததுதான். மே மாதம் போன 20 டன், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து அரசு வைத்திருந்த தங்கம். விற்றுவிட்டுப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் அது. 20 கோடி டாலர் அளவுக்குக் கிடைத்தது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் 47 டன் இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடாக வைக்கப்பட்டது. சுமார் 40 கோடி டாலர். ஆகவே முதலில் "அடகு" என்றால் என்ன என்று முடிவு செய்துகொண்டு பேசினால் நல்லது. காரணத்துக்கு வந்தால், குவைத் ஒரு தள்ளு கொடுத்தது, அவ்வளவுதான். 1980கள் முழுவதும் வரவுக்கு மேல் செலவு செய்து, குறுகிய காலக் கடனாக வாங்கிக் குவித்திருந்தோம். சுவர் முன்பே விரிசல் விட்டிருந்தது.

பழைய குவைத்காரன்:
வாத்தியார் ஐயாவுக்கு இருபக்கமும் பாதி மதிப்பெண் போடுகிற பழக்கம் போகவே இல்லை. போன ஆண்டு குளச்சல் போர் விவாதத்தில் 1741ஐ 1742 என்று எழுதி, திருத்திச் சொன்னவனிடம் இரண்டு நாள் மல்லுக்கு நின்றவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை.

"ஒரு தள்ளு" என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். அந்தத் தள்ளில் என்னென்ன இருந்தது என்று நான் சொல்கிறேன். ஜூலையில் 20 டாலருக்குக் கீழே கிடந்த கச்சா எண்ணெய் அக்டோபரில் 40ஐத் தாண்டியது. நாம் வாங்கிக்கொண்டிருந்த எண்ணெயில் பெரும் பங்கு ஈராக்கிடமும் குவைத்திடமும்தான். இரண்டும் ஒரே வாரத்தில் அடைபட்டன. அங்கிருந்து வந்துகொண்டிருந்த மணியார்டரும் டிராஃப்டும் நின்றன. வெளிநாட்டு இந்தியர்கள் இங்கே போட்டிருந்த டெபாசிட்டைப் பயந்து உருவினார்கள். ஒன்றே முக்கால் லட்சம் பேரை ஜோர்தான் தலைநகர் அம்மானிலிருந்து விமானத்தில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. ஏர் இந்தியா சுமார் இரண்டு மாதம் பறந்தது. 1991 ஜனவரியில் கையில் இருந்த அந்நியச் செலாவணி 120 கோடி டாலர். மூன்று வாரம் இறக்குமதி செய்யக்கூடப் போதாது. விரிசல் விட்ட சுவர் எத்தனை வீட்டில் இல்லை? ஜேசிபி வந்து இடித்த பிறகு விரிசலைக் குற்றம் சொல்வீர்களா?

மே மாதம். சந்திரசேகர்.

வேணாடன்:
முக்கியமான ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அந்த நெருக்கடியின்போது ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தவர் எஸ். வெங்கிடரமணன். நாகர்கோவிலில் பிறந்தவர். 1990 டிசம்பரில் பொறுப்பேற்று, நாடு கடனைத் திருப்பித் தராமல் நிற்கும் அவமானம் வராமல் காத்தவர் நம் மண்ணின் மைந்தர். நம் ஊரில் அவர் பெயரில் ஒரு தெரு கூட இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வள்ளியாற்றுக்காரன்:
அதே வெங்கிடரமணன்தான் 1985 முதல் 1989 வரை மத்திய நிதித் துறைச் செயலாளர். வாத்தியார் சொன்ன கடன் ஏறியது அந்தக் காலத்தில்தான். இதையும் தெருப் பலகையில் எழுதலாமே.

வேணாடன்:
செயலாளர் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர். முடிவு அமைச்சரவையுடையது. நம் ஊரில் ஒருவர் உயர்ந்துவிட்டால் அவரை இழுத்துக் கீழே போடுவதற்கு வெளியூர்க்காரன் வர வேண்டியதில்லை, உம்மைப் போன்றவர்களே போதும்.

கல்குளத்தான்:
அவர் பிறந்தது 1931. அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானம். குமரி மாவட்டம் உருவானது 1956 நவம்பர் 1. எனவே "நம் மாவட்டம்" என்பது எப்படிப் பொருந்தும்?

வேணாடன்:
உமது பாட்டனார் 1956க்கு முன் பிறந்தவர் என்றால் அவரும் நம் மாவட்டத்துக்காரர் இல்லையா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த வரியை எழுதும்.

கல்குளத்தான்:
பாட்டனாரை இழுக்காதீர். குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நடந்த எல்லைப் போராட்டத்தில் அடி வாங்கிய வீடு எங்களுடையது.

ரப்பர் தோட்டம்:
போர் என்றால் எல்லோருக்கும் நட்டம் என்று பேசுகிறீர்கள். எண்ணெய் விலை ஏறினால் செயற்கை ரப்பர் விலை ஏறும். அது ஏறினால் நம் ஷீட் விலையும் தூக்கும். 2011இல் லிபியாவில் நேட்டோ குண்டு போட்டுக்கொண்டிருந்த ஏப்ரல் மாதம் ஆர்எஸ்எஸ் 4 ரக ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாய்க்கு அருகில் போனது. ஒட்டுப்பாலைக் கூடச் சிந்தாமல் பொறுக்கி எடுத்த நாள்கள் அவை. குலசேகரம் பக்கம் அன்று கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன.

பழைய குவைத்காரன்:
அந்தக் காசில் நீர் வீடு கட்டினீர், நல்லது. எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், கேளும்.

1990 மே மாதம் அஸ்திவாரம் போட்டோம். மாதம் தவறாமல் நான் அனுப்பிய பணத்தில் ஜூலைக் கடைசியில் சுவர் கதவு, ஜன்னலுக்கு மேல் லிண்டல் மட்டம் வந்துவிட்டது. அப்பா கடிதத்தில், "இனி தட்டு போட வேண்டியதுதான், கம்பி இறக்கிவிட்டேன்" என்று எழுதியிருந்தார். தட்டு என்றால் கான்கிரீட் கூரை. அந்தக் கடிதம் ஆகஸ்ட் 1 அன்று என் கையில் கிடைத்தது. மறுநாள் ஈராக் ராணுவம் வந்தது. செப்டம்பரில் நான் ஊர் வந்து சேர்ந்தபோது லிண்டலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடித்திருந்தன. தட்டு போட்டது 1998இல். எட்டு மழைக்காலம் அந்தச் சுவருக்குள் வாழையும் மரச்சீனியும் வளர்ந்தது.

லிபியாவில் குண்டு விழுந்தபோது உமக்கு ஷீட் விலை நினைவுக்கு வருகிறது. அங்கேயும் வேலைக்குப் போன நம் நாட்டுக்காரர்கள் கப்பலுக்காகத் துறைமுகத்தில் காத்துக் கிடந்தார்கள்.

ரப்பர் தோட்டம்:
விலை ஏறியது உண்மை என்று மட்டும்தான் சொன்னேன். ஆளை வைத்துப் பேசுகிறீர்கள். இப்போது என் ரப்பர் பால் வெட்டுக்காரருக்குக் கூலி கொடுத்தால் மிச்சம் இல்லை, அதைக் கேட்க ஒருவரும் இல்லை.

வள்ளியாற்றுக்காரன்:
நாற்கரச் சாலைக்கு மலை மண் அள்ளியபோது ஆதரித்துப் பேசிய ரப்பர் தோட்டம் இப்போது கூலியைப் பற்றிப் பேசுவது நன்றாக இருக்கிறது.

ரப்பர் தோட்டம்:
நான் ஆதரிக்கவில்லை. சாலை வேண்டும் என்றேன். இரண்டும் ஒன்றா? அந்தத் திரியைத் திரும்பப் போய்ப் படியும்.

குளச்சல் மகள்:
வள்ளியாற்று அண்ணன் தொடக்கத்தில் எழுதியதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். 2025 ஜூனில் எதுவும் நடக்கவில்லை என்கிறீர்கள். என் தம்பி ஈரானில் கிஷ் தீவில் படகில் வேலை செய்கிறான். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, பிடித்த மீனில் பங்கு. கடலுக்குப் போகாத நாளுக்குக் காசு இல்லை. சாப்பாட்டுச் செலவு மட்டும் கணக்கில் ஏறும். ஜூன் 18 வாக்கில் அங்கே இணையம் அறுந்தது. அதற்கு முன் அவன் கடைசியாக அனுப்பிய குரல்செய்தி 11 நொடி. "அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே" என்று இருந்தது. அம்மா அதை என் கைப்பேசியில் எடுத்துக் கேட்டுவிட்டார்கள். பெட்ரோல் விலை ஏறவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த 11 நொடிதான் காதில் கேட்டது.

வள்ளியாற்றுக்காரன்:
தங்கச்சி, தனிப்பட்ட துயரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. நாட்டுப் பொருளாதாரம் வேறு, ஒரு வீட்டின் கஷ்டம் வேறு. என் கேள்வி இன்னும் நிற்கிறது. ஜூலையில் 47 டன் போனதா, இல்லையா?

பழைய குவைத்காரன்:
ஒரு பெண் தன் தம்பியைப் பற்றிச் சொல்கிறாள், உமக்கு 47 டன். சரி, அதற்கே வருகிறேன். மே மாதம் போன 20 டன்னை விடும், அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1991 ஜனவரியில் அமெரிக்க ராணுவ விமானங்கள் நம் விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள அனுமதித்தது யார்? சந்திரசேகர் அரசு. பன்னாட்டு நிதியமான ஐ.எம்.எஃப். கடன் வந்த அதே மாதம். அந்த அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்த ராஜீவ் காந்தி எதிர்த்துப் பேச, பிப்ரவரியில் நிறுத்தினார்கள். மார்ச் 6 அன்று சந்திரசேகர் ராஜினாமா செய்தார். குவைத்தில் விழுந்த குண்டு டெல்லி நாற்காலியை ஆட்டவில்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஓய்வு பெற்ற பொருளியல் ஆசிரியர்:
சந்திரசேகர் ராஜினாமா செய்தது ராஜீவ் வீட்டு வாசலில் அரியானா போலீஸ்காரர்கள் இருவர் வேவு பார்த்த விவகாரத்தில். எரிபொருள் விவகாரத்தில் அல்ல. வி.பி. சிங் அரசு கவிழ்ந்ததும் அத்வானியின் ரத யாத்திரை, மண்டல் இட ஒதுக்கீடு தொடர்பாக. எல்லாவற்றையும் குவைத் கணக்கில் எழுதினால் வரலாறு ஒரே வரியில் முடிந்துவிடும். நீங்கள் பட்டது உண்மை. அதற்காக நீங்கள் சொல்லும் காரணமெல்லாம் உண்மையாகிவிடாது.

பழைய குவைத்காரன்:
போலீஸ்காரர் கதை வெறும் சாக்கு. ஆதரவு தளர்ந்தது எரிபொருளில்தான். நீங்கள் வகுப்பறையில் சொல்லிக் கொடுத்தீர்கள், நான் வரிசையில் நின்றேன். பாஸ்ராவுக்கு ஒரு பஸ், பாக்தாதுக்கு ஒரு பஸ், ஜோர்தான் எல்லையில் மணலில் கூடாரம். ஒரு ரொட்டிக்கு இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். கால்சட்டையின் இடுப்புப் பட்டைக்குள் 310 தினார் தைத்து வைத்திருந்தேன். ஆகஸ்ட் 1 அன்று ஒரு தினார் சுமார் 60 ரூபாய். நான்கு ஆண்டு உழைப்பில் கையில் மிஞ்சிய ரொக்கம் அது. ஊருக்கு வந்து தையலைப் பிரித்து ஒரு வங்கிக்குக் கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்குக் கீழே திரும்பத் தள்ளிவிட்டார். "இந்த நாடே இப்போது இல்லையே" என்றார். ஈராக் அதைத் தன் 19ஆவது மாகாணம் என்று அறிவித்திருந்த நேரம்.

அந்த வாரம் அக்காவின் நான்கு வளையல்களைத் தொடுவெட்டி சந்தைக்குப் பக்கத்தில் பணயம் வைத்தோம். அடகு என்றால் என்ன என்று வாத்தியார் விளக்கம் கேட்டார் அல்லவா? அதுதான் ஐயா அடகு. அந்த வளையல்கள் திரும்பி வரவே இல்லை. நாடும் அதைத்தான் செய்தது. மே மாதம்.

கல்குளத்தான்:
இழப்பீடு கிடைத்ததே. ஐ.நா. ஆணையம் ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து பிடித்து எல்லோருக்கும் கொடுத்தது. 2022 வரை மொத்தம் 5,240 கோடி டாலர் கொடுத்து முடித்தார்கள். உங்களுக்கும் வந்திருக்குமே?

பழைய குவைத்காரன்:
வந்தது. 2,500 டாலர். பல ஆண்டு கழித்து. விண்ணப்பம் எழுதிக் கொடுத்த முகவர் ஒருவர் அதில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். மிச்சத்தில்தான் தட்டு வார்த்தோம். எட்டு ஆண்டு வட்டியை எந்த ஆணையம் கொடுக்கும்? நீர் பெரிய தொகையை எழுதி என் வாயை அடைக்கப் பார்க்கிறீர்.

வேணாடன்:
வெங்கிடரமணன் பற்றி நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வள்ளியாற்றுக்காரன்:
47 டன்னுக்கும் பதில் வரவில்லை.

குளச்சல் மகள்:
மாமா, அந்த 310 தினார் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா?

பழைய குவைத்காரன்:
இருக்கிறது மகளே. பாஸ்போர்ட்டோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன். நாளை காலையில் படம் எடுத்து இங்கே போடுகிறேன். எல்லை முத்திரையில் தேதியும் தெரியும். வள்ளியாற்றுத் தம்பி அதைப் பார்த்துவிட்டு வரட்டும், அதன் பிறகு ஜூலையைப் பற்றிப் பேசலாம்.

வள்ளியாற்றுக்காரன்:
படத்தைப் போடுங்கள், பார்க்கிறேன். உங்கள் பாஸ்போர்ட்டில் 1990 இருக்கும். ரிசர்வ் வங்கி தங்கத்தை அனுப்பியது 1991 ஜூலையில்.

பழைய குவைத்காரன்:
மே.