பாஸ்போர்ட்டில் ஆணா பெண்ணா: இப்போதே எடுப்பதா, மாற்றிவிட்டு எடுப்பதா?

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். தங்கைக்காகத்தான் கேட்கிறேன். பிறப்புச் சான்றிதழில் ஆண், ஆனால் கன காலமாகப் பெண்ணாகவே இருக்கிறாள், ஊருக்கும் தெரியும். கனடாவில் இருக்கும் பெரியம்மா வரச்சொல்லி நிற்கிறா. வவுனியாவில் பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கப் போகிறோம், படத்தில் நீள முடியும் பொட்டும், பக்கத்தில் ‘எம்’ என்று இருந்தால் எயார்போர்ட்டில் மறிக்க மாட்டார்களா? கனடாக்காரர் ஆண், பெண் என்று குறிக்காமல் ‘எக்ஸ்’ போடுகிறார்களாம், நாங்களும் கேட்கலாமா?

மாங்குளத்தான்:
எக்ஸ் இங்கே இல்லை. சர்வதேச விதி எம், எஃப், எக்ஸ் மூன்றையும் ஏற்கிறதுதான், எதைப் போடுவது என்பதை அந்தந்த நாடு முடிவெடுக்கும். கனடா 2019இல் தொடங்கியது, நேபாளம் 2015இல் ‘ஓ’ (அதர், அதாவது மற்றவர்) என்று போட்டது. ஆனால் பெண்ணாக இருப்பவளுக்கு எக்ஸ் எதற்கு? எஃப்தானே வேண்டும்.

நெடுங்கேணி அக்கா:
தம்பி, பாஸ்போர்ட் கடைசி வேலை. 2016இல் வந்த பாலின அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறது, மனநல வைத்திய நிபுணர் கொடுப்பது. அதை வைத்துப் பிறப்புப் பதிவை மாற்ற வேண்டும், பிறகு அடையாள அட்டை, அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட். அடையாள அட்டையை லேசாக நினைக்காதீர்கள், இலக்கத்துக்குள்ளேயே பால் இருக்கிறது. பிறந்த வருடத்துக்கு அடுத்த மூன்று இலக்கமும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். பெப்ரவரி 1 பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. ஆகவே பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு போனால், விஷயம் தெரிந்தவன் இலக்கத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். பாங்க் புத்தகம், சோதனைச் சான்றிதழ் எல்லாவற்றிலும் இதே அலைச்சல்தான், சொல்லிவைக்கிறேன்.

குளக்கட்டு:
இதெல்லாம் முடியுமட்டும் பெரியம்மா காத்திருப்பாவா? அவசரமென்றால் எம் என்றே எடுத்துப் போகட்டும், சட்டப்படி குற்றமில்லை. ஆனால் விசா விண்ணப்பத்திலும் டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளதையே போடுங்கள். ஆளுக்கு மரியாதையாக இருக்கட்டுமென்று டிக்கெட்டில் மட்டும் ‘மிஸ்’ போட்டால் கவுண்டரில் தேவையில்லாத கேள்வி வரும். முகம் படத்தோடு ஒத்துப்போக வேண்டும், அதனால் இப்போது இருக்கிற கோலத்திலேயே படம் எடுங்கள், முடியைக் கட்டி ஒளிக்க வேண்டாம்.

நெடுங்கேணி அக்கா:
போகலாம், சரி. ஆனால் எம் என்று விசாவும் எடுத்துவிட்டால், பிறகு எஃப் பாஸ்போர்ட்டோடு அடுத்த விசா கேட்கும்போது இரண்டும் ஒரே ஆள்தான் என்று கடிதத்தோடு விளக்க வேண்டிவரும். அவசரமில்லையென்றால் மாற்றிவிட்டே எடுங்கள்.

கேட்டவர்:
நன்றி அக்கா. அவளின் பிறப்புச் சான்றிதழ் 2009 இடப்பெயர்வில் தொலைந்தது, போட்டோகொப்பிதான் கையில்.

மாங்குளத்தான்:
கொப்பியில் பதிவு இலக்கமும் திகதியும் இருக்கும், அதைக் காட்டி பிரதேச செயலகத்தில் புதுப்பிரதி எடுக்கலாம். திங்களே போங்கள்.