பாரதி நினைவு நாள்: 11ஆ, 12ஆ?

பழையதாள்:
காலையிலிருந்து நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே படம். முண்டாசு, மீசை, பின்னால் ஒரு யானை. கீழே "செப்டம்பர் 11, மகாகவி மறைந்த நாள்" என்று கொட்டை எழுத்து. அனுப்பியவர்களில் இரண்டு பேர் தமிழாசிரியர்கள். முப்பத்தொரு வருடம் நானும் அதே வேலை பார்த்தவன், அதனால் கூடுதலாகக் கூசுகிறது. பாரதி இறந்தது 1921 செப்டம்பர் 12. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. இடம் திருவல்லிக்கேணி, துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு. மாநகராட்சியின் இறப்புப் பதிவும் 12 என்றுதான் சொல்கிறது. ஒன்றரை மணிக்கு எந்தத் தேதி என்று கடிகாரம் வைத்திருக்கும் யாரும் சொல்லிவிடலாம்.

திருவல்லிக்கேணி ரங்கன்:
வந்துவிட்டீர்களா சார். வருடா வருடம் பாரதி நினைவு நாள் வருகிறதோ இல்லையோ, உங்கள் ஒன்றரை மணி வந்துவிடுகிறது. நம் கணக்கில் நாள் சூரிய உதயத்தில்தான் மாறும். துன்மதி வருடம், ஆவணி மாதம், அன்று விடியவே இல்லை. விடியாத இரவு முந்தைய நாளோடு சேர்ந்தது. நள்ளிரவில் நாளை மாற்றுவது வெள்ளைக்காரன் கணக்கு. அவனை எதிர்த்து வாழ்ந்தவருக்கு அவன் கணக்கிலேயே திவசம் கொடுக்கச் சொல்கிறீர்களே! அது போகட்டும், நூற்றாண்டு வந்த 2021இல் தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11ஐத்தானே 'மகாகவி நாள்' என்று அறிவித்தது? அரசுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

பழையதாள்:
அரசு அறிவித்தால் இறந்தவர் ஒன்றரை மணி நேரம் முன்னால் இறந்துவிடுவாரா? "செப்டம்பர்" என்று வெள்ளைக்காரன் மாதத்தை எழுதிவிட்டு நாளை மட்டும் சூரிய உதயத்தில் மாற்றுவேன் என்பது என்ன நியாயம்? ஆவணி என்று எழுதுங்கள், திதி போடுங்கள், வாயைத் திறக்க மாட்டேன். செப்டம்பர் என்றால் 12. நள்ளிரவு 12.10 ரயிலுக்கு ரங்கன் சார் கணக்குப்படி டிக்கெட் எடுத்துப் பாருங்கள். பிளாட்பாரத்தில் நிற்கும்போது வண்டி நேற்றே போயிருக்கும்.

நெல்லைக்காரி:
இரண்டு பேரும் 'நாள்' என்று எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் சண்டையே இருக்காது. பஞ்சாங்க நாள் ஒன்று, பதிவேட்டு நாள் ஒன்று. அவ்வளவுதானே?

பழையதாள்:
அம்மா, சண்டை நாளைப் பற்றி இல்லை. ஒன்றரை மணியைப் பற்றி.

திருவல்லிக்கேணி ரங்கன்:
ஒன்றரை மணியை நான் மறுக்கவே இல்லையே!

பழையதாள்:
அப்படியானால் 12.

சும்மா ஒருவன்:
எந்தத் தேதியானால் என்ன அண்ணே, பார்த்தசாரதி கோயில் யானை மிதித்துத்தானே செத்தார்? பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம்.

பழையதாள்:
தம்பி, உங்களுக்குப் பாடம் நடத்தியவர் மட்டும் என் கையில் கிடைக்கட்டும். யானை அவரைத் தள்ளியது உண்மை. தேங்காய் பழம் கொடுத்துப் பழகிய யானைதான், அன்று மதம் பிடித்திருந்தது. காலடியில் விழுந்தவரை நண்பர் குவளைக்கண்ணன் உள்ளே பாய்ந்து இழுத்து வந்தார். மண்டயம் சீனிவாசாச்சாரியார் ராயப்பேட்டை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். காயம் ஆறிவிட்டது. அப்புறம் சுதேசமித்திரன் நாளிதழ் வேலைக்குத் திரும்பினார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1921 ஜூலை 31 அன்று ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் "மனிதனுக்கு மரணமில்லை" என்று பேசினார். அந்தப் பயணத்தைப் பற்றி அவரே சுதேசமித்திரனில் எழுதினார். யானை மிதித்துச் செத்தவர் ஈரோட்டுக்கு ரயிலேறிப் போய்க் கட்டுரையும் எழுதுவாரா? செப்டம்பரில் வந்தது வயிற்றுக்கடுப்பு. அதில்தான் போனார். இறந்த நேரம் ஒன்றரை மணி.

சும்மா ஒருவன்:
யானை தள்ளிய அதிர்ச்சியில் உடம்பு பலவீனமாகி, அதனால் வயிற்றுக்கடுப்பைத் தாங்க முடியாமல் போயிருக்கலாம் இல்லையா? அப்படிப் பார்த்தால் யானைதானே காரணம்?

பழையதாள்:
அப்படிப் பார்த்தால் 1918இல் புதுச்சேரியிலிருந்து கிளம்பியவரைக் கடலூரில் பிடித்துச் சிறையில் போட்டார்களே, அதுதான் காரணம். இன்னும் பின்னால் போனால் அவர் பிறந்ததுதான் காரணம். 1882 டிசம்பர் 11, எட்டயபுரம். குறித்துக்கொள்ளுங்கள், அந்த 11 சரியான 11.

எட்டயபுரத்து மண்:
எங்கள் ஊர் பெயரை எடுத்ததால் வந்தேன். 11, 12 என்று அடித்துக்கொள்பவர்களில் எத்தனை பேர் எங்கள் ஊர் பாரதி மணிமண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள்? 1947இல் ராஜாஜி திறந்து வைத்தது. கல்கி ஊர் ஊராக நிதி திரட்டிக் கட்டியது. கல்கி இல்லையென்றால் அங்கே வெறும் கரிசல் காடுதான் இருந்திருக்கும்.

நெல்லைக்காரி:
அதே கல்கிதானே முப்பதுகளில், பாரதியை உலக மகாகவிகள் வரிசையில் வைக்க முடியாது என்று எழுதி எழுத்தாளர் வ.ரா.வோடு மல்லுக்கு நின்றார்? எழுத்தாளர்கள் கு.ப.ரா.வும் சிட்டியும் அதற்குப் பதிலாகத்தானே "கண்ணன் என் கவி" என்ற நூலை எழுதினார்கள்? பிறகு மண்டபம் கட்டிக் கணக்கை நேர் செய்துகொண்டார் என்று எங்கள் அப்பா சொல்வார்.

எட்டயபுரத்து மண்:
உங்கள் அப்பா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். கட்டியவரைத்தான் ஊர் நினைக்கும். வ.ரா. எங்கள் ஊரில் ஒரு செங்கல் வைத்தாரா?

நெல்லைக்காரி:
வ.ரா. பாரதியின் வாழ்க்கையை எழுதி வைத்தார். செங்கல்லைவிட அது கொஞ்சம் பெரிய வேலை.

பழையதாள்:
கல்கி, வ.ரா. சண்டைக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே பேச்சு ஒன்றரை மணி.

திருவல்லிக்கேணி ரங்கன்:
உங்கள் உத்தரவுக்குத்தான் காத்திருந்தோம். ஊருக்கெல்லாம் திருத்தம் சொல்கிறவர் போன வருடம் என்ன எழுதினார் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? புதுமைப்பித்தன் சென்னையில் இறந்தார் என்று எழுதினார். புனாவில் சினிமா வேலைக்குப் போய்க் காசநோயோடு திரும்பியவர், திருவனந்தபுரத்தில்தான் கண்ணை மூடினார் என்று நான்தான் திருத்தினேன். ஒரு நன்றி வரவில்லை.

பழையதாள்:
அது தட்டச்சுப் பிழை.

திருவல்லிக்கேணி ரங்கன்:
திருவனந்தபுரம் என்று அடிக்கப்போய்ச் சென்னை என்று விழுந்துவிட்டதா? நல்ல விசைப்பலகை சார். 11 என்று அடித்தால் 12 விழுவதும் அதில்தானோ?

சும்மா ஒருவன்:
சரி, இறுதி ஊர்வலத்துக்குப் பதினான்கு பேர்தான் வந்தார்கள் என்பதாவது உண்மையா?

பழையதாள்:
இருபதுக்கும் குறைவு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். கிருஷ்ணாம்பேட்டை மயானம். பதினான்கு என்று விரல்விட்டு எண்ணியது யார்? கடைசி இரவில் பரலி சு. நெல்லையப்பரும் நீலகண்ட பிரம்மச்சாரியும் கூட இருந்தார்கள். இருந்தவர்கள் சொன்னதை விட்டுவிட்டு மேடையில் அழுத்திச் சொல்ல வசதியான எண்ணைப் பிடித்துக்கொள்கிறோம். யானையும் அப்படித்தான், 11ம் அப்படித்தான். கவிஞன் வயிற்றுக்கடுப்பில் போனான் என்றால் கைதட்டல் விழாது பாருங்கள்.

எட்டயபுரத்து மண்:
அன்று வராத திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்று தேதிக்கு உரிமை கொண்டாடுகிறார்கள்.

திருவல்லிக்கேணி ரங்கன்:
என் தாத்தா அப்போது பிறக்கவே இல்லை ஐயா. இதற்கும் நாங்கள்தான் பழியா? எட்டயபுரத்திலிருந்து மட்டும் எத்தனை வண்டி வந்ததாம்?

நெல்லைக்காரி:
பாரதியின் மனைவி செல்லம்மாவைப் பற்றி யாராவது ஒரு வரியாவது பேசினீர்களா? அந்த இரவு அவருக்கு 11ஆகவும் இருந்திருக்காது, 12ஆகவும் இருந்திருக்காது. இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு அதற்குப் பின் அவர் பட்ட பாட்டுக்குத் தேதியே கிடையாது. பாட்டுகளின் உரிமை கை மாறிக் கை மாறி, 1949இல் அப்போதைய முதல்வர் ஓமந்தூராரின் அரசு வாங்கிய பிறகுதான் பொதுவாயிற்று.

பழையதாள்:
செல்லம்மாவைப் பற்றி எனக்குச் சொல்லித் தர வேண்டாம் அம்மா. அவர் ஊரான கடையம் வரை போய் வந்தவன் நான்.

நெல்லைக்காரி:
போய் வந்தீர்கள், சந்தோஷம். இங்கே எழுதவில்லை என்றுதான் சொன்னேன்.

திருவல்லிக்கேணி ரங்கன்:
தூக்கம் வரவில்லை. பழையதாள் சாருக்குக் கடைசியாக ஒன்று. இன்று செப்டம்பர் 11. எங்கள் தெருவில் மாலை விளக்கேற்றிப் பாட்டுப் பாடினோம். நாற்பது பேர் வந்தார்கள். இன்றைய நாள் எங்களுக்கு நிறைவாகவே இருந்தது.

பழையதாள்:
உங்கள் பதிவின் நேரத்தைப் பாருங்கள் சார். 12.47. இன்று 12.

திருவல்லிக்கேணி ரங்கன்:
இன்னும் விடியவில்லை.

பழையதாள்:
விடியும்வரை நானும் இங்கேதான் இருப்பேன். அதுவரை சும்மா இருக்க வேண்டாம், ரா.அ. பத்மநாபன் எழுதிய பாரதி வரலாறு 'சித்திரபாரதி' ஒன்று ஐந்து வருடமாக உங்கள் வீட்டில் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள். முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கும். பார்த்த கையோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

திருவல்லிக்கேணி ரங்கன்:
எந்தத் தேதிக்குள்?