1994 செவர்லே சி1500 பிக்கப்: ஓபிடி-2க்கு (ஸ்கேனரில் கோளாறு படிக்கும் முறை) மாற்றலாமா?

கேள்வி: 5.7 லிட்டர் டிபிஐ (த்ராட்டில் பாடியில் பெட்ரோல் தெளிக்கும்) இன்ஜின். 12 பின் சாக்கெட்டில் ஏ, பி பின்களை இணைத்து, விளக்கு மினுக்குவதை எண்ணித்தான் கோளாறு பார்க்க முடிகிறது. 16 பின் சாக்கெட் மாட்டினால் ஸ்கேனர் படிக்குமா?

பதில்: படிக்காதுங்க. சாக்கெட் வெறும் வாசல், பேச வேண்டியது கம்ப்யூட்டர். ஓபிடி-2க்கு வேண்டிய கிராங்க் சென்சாரே (கிராங்க் ஷாஃப்ட் சுழற்சியைப் பார்ப்பது) டிபிஐயில் கிடையாது. அதனால் 1996–2000 வோர்டெக் 5.7 இன்ஜினை (அதே கம்பெனியின் ஓபிடி-2 இன்ஜின்) டிஸ்ட்ரிபியூட்டர், வயரிங்கோடு எடுங்கள். கம்ப்யூட்டருக்கு 0411 (பார்ட் நம்பரின் கடைசி நான்கு இலக்கம்) நல்லது. ஆனால் அதன் கனெக்டர் வேறு, இரண்டு 80 பின். ஒவ்வொரு வயராக மாற்றிச் செருகணும், பொறுமையான வேலை. 16 பின் சாக்கெட்டில் பின் 2 டேட்டா; பின் 4, 5 எர்த்; பின் 16 பியூஸ் வழியாக பேட்டரி.

பதில்: வண்டியின் பெட்ரோல் பம்ப்? டிபிஐக்கு 12 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) போதும், வோர்டெக்குக்கு 60 வேணும். பழைய பம்போடு ஸ்டார்ட்டே ஆகாது.

பதில்: 0411இல் திருட்டுத் தடுப்பை சாஃப்ட்வேரில் அணையுங்கள், இல்லாவிட்டால் எரிபொருளை வெட்டிவிடும். கடைசியாக ஸ்கேனரில் கிராங்க் ரீலேர்ன் (கிராங்க் சென்சாரை கம்ப்யூட்டருக்குப் பழக்குவது) செய்யுங்கள். செய்யாமல் விட்டால் பி1336 என்ற கோளாறு கோடு வரும்.