புதுப்பிப்பு: குரோஷே தொப்பியின் உச்சி அறுகோணமாக வந்த பிரச்சினை தீர்ந்தது

குரோஷேயில், அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் முறையில், நான் வடிவமைக்கும் தொப்பியின் உச்சி வட்டமாக வராமல் ஆறு மூலையோடு வருகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சிறிய ஊசிக்கு மாறியதில் துணி விறைப்பானதுதான் மிச்சம், மூலைகள் போகவில்லை. ஈரப்படுத்தி, குண்டூசி குத்திக் காயவைத்தால் கொஞ்ச நாள் வட்டமாக இருந்தது, அப்புறம் பழையபடிதான்.

பலித்தது, கூட்டல் தையல்களை (ஒரே தையலுக்குள் இரண்டு தையல் போட்டு எண்ணிக்கையைக் கூட்டுவது) இடம் மாற்றச் சொன்ன யோசனை. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கூட்டலும் முந்தைய கூட்டலுக்கு நேர் மேலேயே விழுவதால்தான் மூலை உருவாகிறது. அதனால் ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் பாதி இடைவெளி தள்ளிப் போட்டேன். உதாரணமாக 18 தையலை 24 ஆக்கும் 4-வது சுற்று: வழக்கமாக 2 சிங்கிள் குரோஷே (சாதாரணக் குட்டைத் தையல்), 1 கூட்டல் என ஆறு முறை. இப்போது முதலில் 1 சிங்கிள், 1 கூட்டல். பிறகு 2 சிங்கிள், 1 கூட்டல் என ஐந்து முறை. கடைசியில் 1 சிங்கிள். மொத்தம் அதே 24.

எதிர்பாராத நன்மை, உச்சியிலிருந்து இறங்கிய ஆறு கோடுகளும் மறைந்துவிட்டன. ஒரே நிற நூலில் அது அவ்வளவு அழகு! ஆனால் சுற்றின் முடிவை இணைக்காமல் தொடர்சுற்றாகப் பின்னினால் முதல் தையலில் மார்க்கர் (அடையாளக் கொக்கி) கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் சுற்று எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. தொப்பியின் பேட்டர்னிலும் (பின்னும் செய்முறைக் குறிப்பு) இதைச் சேர்த்துவிட்டேன்.