இணைப்பு வகுப்புக்கு ஆண்டுப் பாடத்திட்டம்: பாடநூல் வரிசையை மாற்றலாமா?

புது டீச்சர்:
வணக்கம். மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கம் (எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஒரு தோட்டப் பள்ளியில் வேலை. மொத்தமே 23 பிள்ளைகள், அதனால் ஆண்டு 2, ஆண்டு 3 இரண்டும் ஒரே வகுப்பு. கணிதத்துக்கு ஆண்டுப் பாடத்திட்டம் எழுதச் சொன்னார்கள். போன வருடத்துக் கோப்பைத் திறந்தால், வாட்சாப்பில் சுற்றுகிற அதே கோப்பு, பள்ளிப் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அதன்படி ஆண்டு 2 பணம் படிக்கிற வாரத்தில் ஆண்டு 3க்குப் பின்னம். இந்தப் பக்கம் விளக்கி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் பென்சில் சண்டை. தலைப்புகளை முன்பின் மாற்றினால் தப்பா? கலைத்திட்டக் கோட்பாடு எல்லாம் தேர்வுக்குப் படித்ததோடு சரி.

பழைய வாத்தியார்:
டீச்சர், பாடநூல் வேறு, கலைத்திட்டம் வேறு. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது டி.எஸ்.கே.பி. ஆவணத்தை, அதாவது கல்வி அமைச்சு ஒவ்வொரு பாடத்துக்கும் ஆண்டுக்கும் வெளியிடும் கலைத்திட்ட ஆவணத்தை. அதில் உள்ளடக்கத் தரம் (எதைக் கற்பிப்பது), கற்றல் தரம் (பிள்ளை எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்), அதற்குப் பக்கத்தில் பிள்ளை எவ்வளவு தேறியது என்று காட்டும் 1 முதல் 6 வரை அடைவுநிலை. இரண்டு ஆண்டு ஆவணங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்டு 2க்கு எண்கள் 1000 வரை, ஆண்டு 3க்கு 10,000 வரை. இடமதிப்பை எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாளில் தொடங்கலாம், பயிற்சியில் மட்டும் ஒரு கூட்டத்துக்கு மூன்று இலக்கம், இன்னொரு கூட்டத்துக்கு நான்கு. நான் அப்படித்தான் ஓட்டினேன். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவ்வளவுதான். அப்புறம், எடுத்துக்காட்டுக்குச் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை எண்ணச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பழகின பொருள்.

மலையடிவாரம்:
கடைசி வரி மட்டும் சரியில்லை சார். இப்போது குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். நம் பிள்ளைகளின் அப்பா லோரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலை பஸ் ஏறுகிறார். முதலில் பிள்ளை யார் என்று பார்க்க வேண்டும், 1949லேயே அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் சொன்னது. பிள்ளையின் தேவை, வெளியே நடக்கும் வாழ்க்கை, பாடத்துறை, இந்த மூன்றிலிருந்தும் நோக்கத்தை எடு. பிறகு எந்த அனுபவம், எப்படி அடுக்குவது, அடைந்தாயிற்றா என்று எப்படித் தெரிந்துகொள்வது. அடுக்குவதற்கும் அளவுகோல் வைத்தார்: தொடர்ச்சி, வரிசை, ஒருங்கிணைப்பு. டீச்சருக்கு இடிப்பது வரிசைதான். பணத்தை முன்னால் தள்ளினால் ஒன்றும் ஆகாது, ஆனால் பெருக்கல் வருவதற்கு முன் வகுத்தலைக் கொண்டுபோய் வைத்தீர்கள் என்றால் மார்ச்சில் நீங்களே அழுவீர்கள். கலைத்திட்ட அறிஞர் ஹில்டா டாபா 1962இல் ஒரு படி மேலே போய், ஆசிரியரே சின்ன அலகு ஒன்றை எழுதி வகுப்பில் சோதித்துவிட்டு மேலே போகட்டும் என்றார். முழு வருடத்தையும் இன்றே எழுதாதீர்கள், ஆறு வாரம் போதும்.

இரண்டு பிள்ளை அம்மா:
ஒன்று கேட்கலாமா? எங்கள் தோட்டத்தில் வேலை மாறினால் ஜூலையில் குடும்பமே இடம் மாறும். என் மூத்தவன் அப்படிப் பள்ளி மாறினபோது, இங்கே இன்னும் தொடங்காத பின்னம் அங்கே முடிந்திருந்தது. நீங்கள் உங்கள் இஷ்டத்துக்கு வரிசை போட்டால், நடுவில் போகிற பிள்ளை கதி?

பழைய வாத்தியார்:
நியாயமான கேள்வி அம்மா. ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு இருந்த காலத்தில் ஆறாம் ஆண்டைப் பார்த்தே எல்லாரும் ஓடினோம், 2021இல் அதை எடுத்த பிறகு ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு வேகம். மாறிப் போகிற பிள்ளையிடம் எந்தக் கற்றல் தரம் முடிந்தது, எந்த அடைவுநிலை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம். பாடநூல் பக்க எண் எழுதினால் பிரயோசனமில்லை.

புது டீச்சர்:
நன்றி சார், அக்கா. நேற்று இரவு இரண்டு ஆவணத்தையும் பிரித்து வைத்து நிறம் தீட்டினேன். எண், கூட்டல், கழித்தல், நேரம் சேர்ந்து போகிறது. பின்னம் பாதிதான் சேருகிறது. முதல் ஆறு வாரத்தை எழுதிவிட்டேன், கணக்கில் குலை இல்லை, தொழிற்சாலை பஸ் வருகிற நேரம் இருக்கிறது. திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் காட்டப் போகிறேன்.