தண்ணி குறைச்சா ஆப்பிள் கோல்டு ஸ்டோரேஜ்ல தாங்குமா?

மரக்காவல்:
வணக்கம். நம்ம ஆப்பிள் தோட்டத்துல காலா, ஃபியூஜி ரெண்டு ரகமும் இருக்கு, எல்லாமே சொட்டுநீர் தான். கிணறு ரொம்ப இறங்கிடுச்சு, இந்த வருஷம் வழக்கமா விடுறதுல பாதி தான் தேறும் போல. போன வருஷமும் கடைசி ரெண்டு மாசம் இதே கதை, காய் சிறுத்துப் போச்சு, ஆனா கடிச்சா நறுக்குன்னு இருந்துச்சு இனிப்பும் தூக்கல், நம்பி கோல்டு ஸ்டோரேஜ்ல வச்சேன், நாலு மாசம் கழிச்சு எடுத்துப் பார்த்தா காலா வாயில வச்சா மாவு மாவா இருக்கு. ஃபியூஜிக்கு ஒண்ணும் ஆகல. கெட்டியான காய் நல்லா தாங்கணும்ல? எங்க தப்பு பண்ணேன்?

வேர்ப்பிடி:
இந்த வருஷத்துக்கு முதல்ல சொல்லிடுறேன், பூ கொட்டினதுல இருந்து அஞ்சாறு வாரம் தண்ணில கை வைக்காதீங்க. பிஞ்சுல செல் பெருகுற நேரம் அது, கால்சியமும் அப்போ தான் நல்லா உள்ள ஏறும், அதுவும் தண்ணியோட சேர்ந்து தான் ஏறும். அப்போ காயப் போட்டீங்கன்னா பறிக்கும்போது பளபளன்னு இருக்குற காய்ல ஸ்டோரேஜ்ல போய் பழுப்புக் குழி விழும், அதான் பிட்டர் பிட். குறைக்கிறதா இருந்தா அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. பீச் மாதிரி நடுவுல வளர்ச்சி மந்தமாகுற கட்டம் ஆப்பிளுக்கு கிடையாது, அறுவடை வரைக்கும் பெருத்துகிட்டே தான் இருக்கும், அதனால எப்ப குறைச்சாலும் சைஸ் கொஞ்சம் அடிபடும் தான்.

கிடங்குச்சாவி:
அண்ணா, உங்க காலா பறிக்கிறதுக்கு முன்னாடியே முத்திப்போயிருக்கும்னு நினைக்கிறேன். தண்ணி கம்மியான காய்ல நீர்ச்சத்து குறைஞ்சு சதை இறுகி இருக்கும், அதனால கெட்டியா தெரியும், ஆனா உள்ளுக்குள்ள பழுக்கிற வேலை சில சமயம் சீக்கிரமே ஆரம்பிச்சிடும். கெட்டித்தன்மைய பார்த்து இன்னும் நாள் இருக்குன்னு விட்டுட்டா போச்சு. காலாவுக்கு எத்திலீன், அதாவது காயே விடுற, பழுக்க வைக்கிற வாயு, சரசரன்னு ஏறும், ஃபியூஜிக்கு ரொம்ப கம்மி, அதான் அது தப்பிச்சுது. நாள் கணக்க விட்டுட்டு அயோடின் டெஸ்ட் பண்ணுங்க: காய குறுக்க வெட்டி அயோடின் கரைசல்ல தோய்ச்சு எடுத்தா மாவுச்சத்து இருக்குற இடம் கருநீலமா மாறும், பழுக்கப் பழுக்க நடுவுல இருந்து வெளுத்துகிட்டே வரும். ரொம்ப நாள் வைக்கணும்னா வெளி வட்டத்துல நல்லா கருப்பு இருக்கும்போதே பறிச்சிடணும், முழுசா வெளுத்தத உடனே வித்துடுங்க. ரூம்ல ஈரப்பதம் 90-95 சதவீதம் இருக்கான்னும் பாருங்க, எடை 5 சதவீதம் கிட்ட குறைஞ்சாலே தோல் சுருங்க ஆரம்பிச்சிடும்.

வேர்ப்பிடி:
இன்னொண்ணு, வாரக்கணக்கா காயப் போட்டுட்டு திடீர்னு மழையோ தண்ணியோ கிடைச்சதும் மொத்தமா விட்டுடாதீங்க, காலா காம்புகிட்ட வெடிக்கும், அந்த வெடிப்பு வழியா அழுகல் உள்ள போகும், ஸ்டோரேஜுக்கு லாயக்கே இல்ல.

மரக்காவல்:
ரொம்ப நன்றி. போன வருஷம் வழக்கமான தேதிக்குத் தான் பறிச்சேன், டெஸ்ட் எதுவும் பண்ணல. தண்ணி பத்தாததுக்கு பிஞ்ச கொஞ்சம் கூடுதலா கழிச்சு விடலாமா?

வேர்ப்பிடி:
கழிங்க, மிச்ச காய் ஓரளவு சைஸ் பிடிக்கும். ஆனா ரொம்ப கழிச்சிட்டா காய் ஊதிப்போய் கால்சியம் பத்தாம திரும்ப பிட்டர் பிட் தான். காய்க்கு கால்சியம் சேர கால்சியம் குளோரைடு ஸ்ப்ரே மட்டும் அடிக்காம இருந்துடாதீங்க.