முன்பதப்படுத்தலா, முன்னேர்த்தியா? உயிரி எரிபொருள் பாடத்துக்கு ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். வேதிப்பொறியியல் பாடநூல் ஒன்றில் உயிரி எரிபொருள் பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ‘பிரீட்ரீட்மென்ட்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். வைக்கோல், கரும்புச் சக்கை, மரத்தூள் இவற்றின் செல்சுவரில் செல்லுலோஸ் இழைகளை ஹெமிசெல்லுலோஸும், செடிக்கு உறுதி தரும் லிக்னினும் சுற்றிப் பிணைத்திருக்கின்றன. செல்லுலோஸைச் சர்க்கரையாகச் சிதைக்கும் நொதியை அப்படியே சேர்த்தால் அது செல்லுலோஸை எட்டுவதில்லை, சர்க்கரை கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால் முதலில் அமிலத்தாலோ காரத்தாலோ அந்தக் கட்டைத் தளர்த்துகிறார்கள். இந்தப் படிக்கு ‘முன்பதப்படுத்தல்’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

வேதியியல் ஆசிரியை:
பொருந்தாது என்றே நினைக்கிறேன். பதப்படுத்தல் என்றதும் மாணவருக்குத் தோன்றுவது உணவும் தோலும் கெடாமல் காப்பது. இங்கே நோக்கம் நேர் எதிர். நொதி எளிதாகச் சிதைக்க வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும்? வேளாண்மையில் ‘விதை நேர்த்தி’ நன்றாக வேரூன்றிய சொல். விதைப்பதற்கு முன் விதையோடு மருந்தோ நுண்ணுயிரோ கலப்பதை அப்படிச் சொல்கிறோம். அதே வழியில் ‘முன்நேர்த்தி’ என்று வைக்கலாம்.

தமிழாசிரியர்:
அம்மையார் தந்த சொல் நல்ல சொல். ஆனால் புணர்ச்சியை விட்டுவிட முடியாது. முன் + நாள் முன்னாள் ஆவதுபோல இது ‘முன்னேர்த்தி’ என்றுதான் வரும்.

‘பதம்’ பாவம், அதை அவ்வளவு விரைவாகத் தள்ளிவிட வேண்டாம். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பதில் காத்தல் எங்கே இருக்கிறது? அங்கே அது ஆயத்த நிலை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது லிக்னின். தொல்காப்பிய மரபியல் ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்கிறது. வெளியே வயிரம், அதாவது இறுகிய பகுதி, உடையது புல், உள்ளே வயிரம் உடையது மரம். அந்தக் ‘காழ்’ உங்கள் லிக்னின்தான். லிக்னின் என்ற பெயரே மரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் மரத்திலிருந்து பெயர் எடுத்தார்கள். நம்மிடம் மரத்தின் உறுதிக்கே தனிச்சொல் இருக்கிறது. காழ் என்றால் விதை, கொட்டை என்றும் பொருள் உண்டு. மனத்தில் இறுகிய பகை காழ்ப்பு. வயிரம் என்ற சொல்லுக்கும் மரத்தின் உறுதி, தீராப் பகை என்ற இரு பொருளும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இறுகுதல். ஆகவே முழுச் செயலையும் ‘காழ்நீக்கம்’ என்றே சொல்லலாமே?

வேதியியல் ஆசிரியை:
ஐயா, அந்த நூற்பாவை இந்த இடத்தில் பார்த்தது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. புல், மரம் என்ற அந்தப் பிரிவு ஆய்வகத்திலும் உதவுகிறது. புல்லினங்களில் ஹெமிசெல்லுலோஸையும் லிக்னினையும் ஃபெருலிக் அமிலத்தின் எஸ்டர் பிணைப்புகள் இணைக்கின்றன. சோடியம் ஹைட்ராக்சைடோ சுண்ணாம்போ அவற்றை அறுத்துவிடும். அதனால் வைக்கோலுக்குக் காரம் நன்றாக வேலை செய்கிறது. பைன் போன்ற ஊசியிலை மரங்கள் அவ்வளவு எளிதில் இளகுவதில்லை.

ஆனால் ‘காழ்நீக்கம்’ முழுச் செயலுக்கும் பொருந்தாது. 0.5 முதல் 2 சதவீதம் வரையான நீர்த்த கந்தக அமிலத்தில் 140 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் கரைவது பெரும்பாலும் ஹெமிசெல்லுலோஸ்தான். அது சைலோஸ் என்ற சர்க்கரையாக மாறுகிறது. லிக்னினில் பெரும்பகுதி எச்சத்திலேயே தங்கிவிடும். லிக்னின் போகவே இல்லாத இடத்தில் காழ்நீக்கம் என்று எழுதினால் மாணவர் வேதியியலையே தவறாகப் புரிந்துகொள்வார். லிக்னினை மட்டும் பிரிக்கும் படிக்கு வேண்டுமானால் அந்தச் சொல்லை வைக்கலாம்.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:
‘காழ்’ என்று எழுதினால் அகராதியைத் திறக்காமல் எத்தனை மாணவருக்குப் புரியும்? லிக்னின் லிக்னினாகவே இருக்கட்டும். ‘முன்னேர்த்தி’யும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. படிக்கிறவர் முன் + ஏர்த்தி என்று பிரிப்பார், அல்லது முன்னேற்றத்தின் எழுத்துப்பிழை என்று நினைப்பார். இலக்கணம் கொஞ்சம் பொறுக்கட்டும், ‘முன்-நேர்த்தி’ என்று சிறுகோடு போடுங்கள்.

இலங்கை நண்பர்:
வைக்கோல், சக்கை போன்ற மூலப்பொருளைப் பொதுவாகக் குறிக்கும் பயோமாஸுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? எங்கள் பாடநூல்களில் மாஸ் என்பது திணிவு, நிறை என்றால் வெயிட். தமிழ்நாட்டில் மாஸைத்தான் நிறை என்கிறார்கள். ‘உயிர்நிறை’ என்று எழுதினால் இரண்டு இடத்திலும் இரண்டு பொருள் வரும். ‘உயிர்த்திரள்’ என்றால் சிக்கல் இல்லை.

தமிழாசிரியர்:
உயிர்த்திரளுக்கு உடன்படுகிறேன். சிறுகோட்டுக்கு உடன்பட மாட்டேன். புணர்ச்சி தெரியாத மாணவருக்காகச் சொல்லைப் பிரித்தே எழுதிக்கொண்டிருந்தால் அவர் அதை எப்போதுதான் கற்பார்?

மொழிபெயர்ப்பாளர்:
எல்லாருக்கும் நன்றி. நாள் நெருங்கிவிட்டது. ‘உயிர்த்திரள்’, ‘முன்நேர்த்தி’ (சிறுகோடு இல்லை, புணர்ச்சியும் இல்லை), ‘லிக்னின்’ என்று எழுதி அனுப்புகிறேன். லிக்னினைப் பிரிக்கும் படிக்கு மட்டும் ‘காழ்நீக்கம்’. அப்புறம் இன்னொன்று: சூடு மிஞ்சினால் சைலோஸ் ஃபர்ஃபுரால் என்ற நச்சுப்பொருளாக மாறி, சர்க்கரையை எரிபொருளாக்கும் ஈஸ்டைத் தடுக்கிறது. அதை அகற்றும் படிக்கு ‘நச்சுநீக்கம்’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் நாளைக்குள் எழுதுங்கள்.

தமிழாசிரியர்:
‘முன்நேர்த்தி’ தவறான வடிவம். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். நச்சுநீக்கத்துக்கு மறுப்பில்லை.